பையனோடு போகும் பணத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கான துணைப்பாடம். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளை எப்படித் தொழிலுக்குச் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் பாடம். நாலே பக்கம், ஆனால் மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அநாதை விடுதியில் வளரும் பையனுக்குப் பதினாலு வயது ஆனதும் ஒரு தச்சரிடமோ, சப்பாத்துத் தைப்பவரிடமோ சேர்த்துவிடுவார்கள். பிரிஸ்டலில் முல்லர் நடத்திய விடுதியிலும் இப்படித்தான். பழைய வழக்கப்படி ஏழு வருடம் அவர் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, வேலை எல்லாம். இதுவரை நம் குருகுலம் மாதிரி இருக்கிறது. ஆனால் பையனோடு ஒரு தொகையும் முதலாளி கைக்குப் போகும். அதை விடுதி கொடுக்கும், அல்லது அந்த ஊரில் எப்போதோ ஒரு வணிகர் எழுதிவைத்த தர்மச் சொத்திலிருந்து கொடுப்பார்கள். அந்தத் தொகை பிரீமியம். கையெழுத்தாகும் பத்திரம் இண்டெஞ்சர். பையன் அப்ரண்டிஸ்.

அப்ரண்டிஸுக்குத் 'தொழிற்பழகுநர்' என்று போட்டுவிட்டேன். பிரீமியம் என்றால் அகராதி காப்பீட்டுக்குப் போய்விடுகிறது. உதவுங்கள்.

இளங்கோ:

அம்மா செல்வி, முதலில் 'தர்மச் சொத்து' வேண்டாம். அறக்கட்டளை இருக்கிறது. அதிலும் 'கட்டளை' என்றாலே போதும். இன்ன பூசைக்கு, இன்ன நாளுக்கு என்று கோயிலில் எழுதிவைப்பதைக் கட்டளை என்றுதான் சொல்கிறோம். அந்த வணிகர் செய்ததும் அதே காரியம்தான். 'கட்டளைப் பழகுநர்' என்றால் சுருக்கமாகவும் இருக்கும்.

பிரீமியத்துக்கு நன்னூல் பாயிரத்தையே கேட்கலாம். யாருக்கு நூல் உரைக்கலாம் என்று சொல்லும்போது 'தன்மகன் ஆசான்மகனே மன்மகன் பொருள்நனி கொடுப்போன்' என்று பவணந்தியார் அடுக்குகிறார். பொருள் கொடுத்துக் கற்பவனுக்கு அங்கேயே இடம் இருக்கிறது. என் பரிந்துரை: ஆசாற்பொருள்.

யோகன்:

ஐயா, அது 'ஆசாற்பொருள்' ஆகாது. உயர்திணைப் பெயரின் ஈற்றுமெய் வல்லினத்துக்கு முன் இயல்பாக நிற்கும் என்று அதே நன்னூல்தான் சொல்கிறது. நீங்கள் காட்டிய பாட்டிலேயே 'ஆசான்மகன்' அருகில் 'மன்மகன்' இருக்கிறது, ஆனால் இரண்டிலும் மகரம் வருவதால் அது சான்றாகாது. வல்லினம் வந்தால் 'சாத்தன்கை' போல 'ஆசான்பொருள்' என்றே நிற்க வேண்டும்.

மரியா:

புணர்ச்சி இருக்கட்டும். நான் இதை வகுப்பில் நடத்துகிறவள். 'ஆசான்பொருள்' என்று படித்தால் பிள்ளைகள் மனதில் தட்டில் வைத்த வெற்றிலை பாக்குதான் வரும். மாணவன் மரியாதையாகக் கொடுக்கும் காணிக்கை என்று நினைப்பார்கள். இங்கே பையன் எதையும் கொடுக்கவில்லை. மூன்றாம் ஆள் கொடுக்கிறார், அதுவும் முழு நம்பிக்கையோடு கொடுக்கவில்லை. பல இடங்களில் பாதித் தொகையைச் சேர்க்கும்போதும், மீதியைப் பிறகும் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? பணத்தை வாங்கிக்கொண்டு பையனை அடித்து ஓடவிடும் முதலாளிகள் இருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி ஊர் அதிகாரிகளே பிள்ளைகளைத் தொழிலுக்குக் கட்டிவிடலாம். ஆண்பிள்ளை 24 வயது வரை, பெண்பிள்ளை 21 வயது வரை அல்லது திருமணம் வரை. ஆண்பிள்ளையின் வயதைப் பின்னால் 21ஆகக் குறைத்தார்கள். வேண்டாம் என்ற வீட்டுக்காரர் தலையிலும் பிள்ளையைக் கட்ட முடிந்தது, அந்தக் கட்டாயம் 1844இல்தான் போனது. ஊர்ச் செலவைக் குறைக்கக் கட்டிவிட்ட பிள்ளை வேறு, அறக்கட்டளைப் பணத்தில் தொழில் கற்கப் போன பிள்ளை வேறு. இரண்டு பேரையும் ஒரே 'பழகுநர்' என்றால் பாடமே மங்கிவிடும். தொகைக்கு 'ஒப்படைப்புப் பணம்' என்று வையுங்கள். பையனை ஒப்படைக்கும்போது கொடுப்பது. படித்தவுடன் புரியும்.

இளங்கோ:

புணர்ச்சியில் யோகன் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் 'பணம்' சேர்ந்த சொல் எல்லாம் கடைச்சொல்லாக இருக்கிறது.

யோகன்:

இண்டெஞ்சருக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவில் நேராக வெட்டாமல் பல் பல்லாக வெட்டுவார்கள். ஆளுக்கொரு துண்டு. பிற்காலத்தில் வழக்கு வந்தால் இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. லத்தீனில் பல்லுக்கு உள்ள சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. விக்டோரியா காலத்தில் அச்சடித்த படிவமே வந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

எங்கள் இலங்கைப் பக்கத்தில் 'முறி' என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. திறைசேரி முறி, பிணைமுறி என்று பேப்பரில் தினமும் பார்க்கிறோம். முறி என்றால் பத்திரம், முறி என்றால் துண்டாக்குவது. ஒரே தோலை இரண்டாக முறித்து எழுதிய பத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? 'பழகுமுறி'.

இளங்கோ:

சங்கப் பாடல்களில் முறி என்றால் தளிர். தளிரிலிருந்து ஓலை, ஓலையிலிருந்து பத்திரம் என்று வந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் 'துண்டு' வழி எனக்கு ஐயமாக இருக்கிறது. ஆனால் இரட்டைப் பத்திரம் நமக்கும் தெரிந்ததுதான். சிவன் கிழவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை நினையுங்கள். கிழவர் நீட்டிய ஆளோலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று வெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் காட்டுகிறார். ஆகவே 'பழகோலை' என்றே வைக்கலாம்.

மரியா:

ஐயா, ஆளோலை அடிமை ஓலை. அந்த நிழல் விழ வேண்டுமா என்று யோசியுங்கள்.

கிள்ளானிலிருந்து முத்து:

விழட்டும் என்கிறேன். எங்கள் மலேசியாப் பக்கம் ஒப்பந்தத்தில் வந்தவர்களைச் 'சஞ்சிக்கூலி' என்பார்கள், ஜஞ்சி என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டதும் இண்டெஞ்சர்தான். 1834-35இல் அடிமை முறை ஒழிந்தபோது மொரீஷியஸிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் விடுதலையானவர்களுக்கு வைத்த பெயர் என்ன? அப்ரண்டிஸ். தொழில் தெரிந்தவர்களையே பழகுநர் என்று சொல்லி இன்னும் சில வருடம் வேலை வாங்கினார்கள். அந்தச் சொல்லுக்குள் இதெல்லாம் இருக்கிறது. 'பழகுநர்' என்று மட்டும் எழுதினால் எல்லாம் கழுவித் துடைத்தமாதிரி ஆகிவிடும்.

செல்வி:

படித்துக்கொண்டே வருகிறேன். நடுவில் இன்னொரு சிக்கல். அந்தப் பத்திரத்தில் முதலாளி 'ஆர்ட் அண்ட் மிஸ்டரி' கற்றுத்தருவார் என்று வருகிறது. முதலில் 'கலையும் மர்மமும்' என்று எழுதிவிட்டேன்.

மரியா:

நல்லவேளை கேட்டீர்கள். அங்கே மிஸ்டரி என்பது தொழில். லத்தீனில் ஊழியத்துக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது, மர்மத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'தொழிலும் நுணுக்கமும்' என்று போடுங்கள். ஆனால் எஜமானின் இரகசியங்களைக் காப்பேன் என்று அதே பத்திரத்தில் தனியாக ஒரு வரி இருக்கும், அது நிஜமாகவே இரகசியம்தான். கூடவே சூதாடமாட்டேன், மதுக்கடைக்குப் போகமாட்டேன், திருமணம் செய்துகொள்ளமாட்டேன் என்றும் இருக்கும். பதினாலு வயதுப் பையன் இதற்குக் கையெழுத்துப் போடுகிறான். இந்த வரிகளை அப்படியே பாடத்தில் விடுங்கள்.

செல்வி:

இன்று வியாழன், இரவு பத்து மணி. இப்படி முடித்திருக்கிறேன்: அறக்கட்டளைப் பழகுநர், ஒப்படைப்புப் பணம், பழகு ஒப்பந்தம். முறி எனக்கும் பிடித்தது. ஆனால் என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன், 'ஒப்பந்தத்தை முறிச்சுட்டாங்களா?' என்று கேட்டாள். அதனால் எடுத்துவிட்டேன். பல்வெட்டுப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி சேர்த்திருக்கிறேன், யோகன் அண்ணா.

யோகன்:

சரி தங்கச்சி. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அப்படிக் கேட்டிருக்காது. முறியை நான் விடப் போவதில்லை.

இளங்கோ:

'ஒப்படைப்புப் பணம்' பற்றிய என் மறுப்பு நிற்கட்டும். 'ஒப்படைபொருள்' என்று வினைத்தொகையாக்கினால் அரை மூச்சில் சொல்லலாம்.

மரியா:

செல்வி, அனுப்புவதற்கு முன் ஒன்று. லண்டனில் தாமஸ் கோரம் என்பவர் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1739இல் தொடங்கிய ஃபவுண்ட்லிங் விடுதியில் பெண்பிள்ளைகளையும் பழகுநராகத்தான் கட்டிவிட்டார்கள், பெரும்பாலும் வீட்டுவேலைக்கு. பாத்திரம் தேய்க்கவும் அடுப்பு மூட்டவும் வருடக்கணக்கில் பழகினாள் என்று அவளையும் 'தொழிற்பழகுநர்' என்று எழுதுவீர்களா?

செல்வி:

மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது அக்கா. 'வேலைக்கு விடப்பட்ட பெண்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் யாருக்காவது ஒரு சொல் தோன்றினால் உடனே சொல்லுங்கள்.