நீலக் கண்ணாடி வைத்த கைகாட்டி

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கியது. இரண்டு வட்டக் கண்ணாடி பதித்த வார்ப்பிரும்புச் சட்டம். மேலே சிவப்பு, கீழே நீலம். கைகாட்டியில், அதாவது கை ஏறி இறங்கும் பழைய ரயில் சிக்னலில், விளக்குக்கு முன்னால் ஏறி இறங்கும் சட்டம் என்பது வரை தெரிந்தது. ஆனால் நீல சிக்னலை எந்த ஸ்டேஷனிலும் பார்த்ததில்லையே! பச்சை உடைந்ததும் யாரோ கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, பச்சைக் கண்ணாடி தேடி அலைந்தேன்.

பக்கத்துத் தெருவில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, அதை மாத்திடாதீங்க. ராத்திரி பின்னால ஒரு மண்ணெண்ணெய் விளக்கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். பச்சை! மண்ணெண்ணெய்ச் சுடரே மஞ்சள்தானே; நீலம் கலந்த கண்ணாடி வழியாக வந்தால்தான் தூரத்தில் பச்சையாகத் தெரியும். எல்இடி பல்பை வைத்தால் மறுபடி நீலம்.

சட்டம் ஏன் இந்தக் கனம் என்றும் அவரே சொன்னார். பழைய கீழிறங்கு கைகாட்டியில் (கை கீழே இறங்கினால் 'போ') கை அச்சின் ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம். இழுக்கும் கம்பி அறுந்தால் சட்டம் தன் எடையில் கீழே போகும், கை நேராக எழுந்து 'நில்' என்று காட்டும்.

இப்படிப் பழைய ரயில்வே பொருள் வாங்குகிறவர்கள் ஏலத்தில் எடுத்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதைத் தண்டிப்பதற்கென்றே 1966-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது.

* * *

எங்கள் தாத்தா மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். ஒருநாள் அவர் மேஜையில் இருந்த இரும்புப் பந்தை எடுத்து விளையாடப் போனேன். அதட்டியே அறியாத மனுஷன் போட்ட சத்தத்தில் அழுதேவிட்டேன்.

அது நீல் டோக்கன். (மேலே சொன்ன நீலம் இல்லை, ஸ்டேஷனில் பந்தை வெளியே தரும் கருவியின் பெயரே நீல்.) ஒற்றைப் பாதையில் அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கலாம். அந்த ஸ்டேஷன்காரரும் தன் கருவியை இயக்கி ஒத்துழைத்தால்தான் இங்கே பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்தால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்ப உள்ளே விழும் வரை இரண்டு பக்கமும் அடுத்த பந்து வராது. நிற்காத வண்டிக்குப் பையில் போட்டு, பெரிய வளையத்தோடு நீட்டுவார்கள்; வளையத்துக்குள் கையை விட்டுப் பிடிக்க வேண்டும்.

பழைய பந்து கிடைத்தால் துருவைத் தேய்ப்பதற்கு முன் மேலே பொறித்ததைப் பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களின் குறியீடும் ஒரு எண்ணும் இருக்கும். எந்தப் பாதையில் ஓடிய பந்து என்று அதிலேயே தெரிந்துவிடும்.

* * *

கடைசிக் கதை சின்னது. மூடிக் கிடந்த ஒரு சிக்னல் கேபினுக்குள் அனுமதி வாங்கிப் போனேன். வரிசையாக லீவர்கள்: சிக்னலுக்குச் சிவப்பு, வண்டியை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பும் பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்டை அசையாமல் பிடிக்கும் பூட்டுக்கு நீலம். நடுவில் இரண்டே இரண்டு வெள்ளை. முக்கியமானதாகத்தான் இருக்கும் என்று அதையே பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தேன். அப்புறம் விசாரித்தால், வெள்ளை எதையும் இழுக்காதாம். ஸ்பேராம்!