ஆச்சி வீட்டுக் குழு: நம் கடையை மூடியாச்சா?

செவ்வாய், காலை 7:05

குமார் மாமா: (ரோஜாப் படம்) இனிய காலை வணக்கம். முருகன் துணை.

அமுதா மதினி: கடை மாமா, கடையை மூடிவிட்டீர்களா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

செல்வி அத்தை: எந்தக் கடை

அமுதா மதினி: நம் கடலை மிட்டாய்க் கடைதான் அத்தை. எங்கள் அப்பார்ட்மென்டில் ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட 40 கிலோ கேட்டார்கள். கோவில்பட்டியில் எங்கள் மாமா கடையிலேயே வாங்குங்கள், கூகுளில் நம்பர் இருக்கும் என்றேன். கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வருகிறதாம். வேறு கடையில் சொல்லிவிட்டார்கள்.

அமுதா மதினி: (ஸ்கிரீன்ஷாட்)

செல்வி அத்தை: ஐயோ 40 கிலோவா

முத்து அண்ணன்: தீபாவளி நேரத்திலா

சித்தி: கடை திறந்துதான் இருக்கிறது. நேற்றுக்கூட அந்த வழியாகப் போனேன். அத்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

செல்வி அத்தை: போனவள் உள்ளே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்

சித்தி: பஸ்ஸில் போனேன் மதினி.

கடை அப்பா: (குரல் செய்தி 1:12)

முத்து அண்ணன்: டூட்டியில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்கள்.

நான்: அப்பா சொன்னதை எழுதுகிறேன். 'காலை அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்டியாச்சு. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தரையில் போட்டால் டங் என்று கேட்கிறது. இரண்டு தட்டு ஊற்றி, தேங்காய்ப்பூவும் தூவியாச்சு. நான் எங்கே கடையை மூடினேன்? எவன் சொன்னது?' பின்னால் சரவணன் கட்டையால் உருட்டுகிற சத்தமும் கேட்கிறது.

செல்வி அத்தை: பாவம் அண்ணன்

செல்வி அத்தை: யார் இப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் சண்டை வரும்

சித்தி: சொல்லுங்கள் மதினி. பைபாஸ் கடைக்காரர்கள், அதாவது நாங்கள்தான் என்கிறீர்கள், அவ்வளவுதானே?

குமார் மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நான்: அத்தை, சித்தி, ஐந்து நிமிடம் பொறுங்கள். இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கூகுள் மேப்பில் ஒரு கடைக்கு இருக்கும் பக்கத்தை பிசினஸ் புரொஃபைல் என்பார்கள். 2021 வரை அதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். காசு எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்தின் உரிமை யாருடைய மெயிலில் இருக்கிறதோ, அவர் உள்ளே போய்த் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்று மாற்றலாம். வெளி ஆட்களும் 'திருத்தம் சொல்லுங்கள்' என்பதை அழுத்தி, மூடிவிட்டார்கள் என்று எழுதி அனுப்பலாம். ஆக, யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். முதலில் நம் பக்கத்தின் உரிமை யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அப்பாவிடம் இல்லை, என்னிடமும் இல்லை. 2018இல் ஆரம்பித்தபோது யார் செய்தது?

முத்து அண்ணன்: கண்ணன்

அமுதா மதினி: கண்ணன்தான். அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தான்.

நான்: கண்ணா?

நான்: நீலக் குறி வந்துவிட்டது, படித்துவிட்டாய். பதில் சொல் தம்பி.

குமார் மாமா: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வேனில் 14 இடம். கோவில்பட்டியிலிருந்து எத்தனை பேர்?

சித்தி: நாங்கள் மூன்று பேர்.

செல்வி அத்தை: ஆச்சிக்கு முழங்கால் வலி, முன் சீட் வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய பித்தளை உருளி யார் வீட்டில் இருக்கிறது? வளைகாப்புக்கு வேண்டும்

சித்தி: எங்கள் வீட்டில் இல்லை.

செல்வி அத்தை: பாகம் பிரித்தபோது உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது

செவ்வாய், பகல் 1:20

கண்ணன் தம்பி: அக்கா, நான்தான் செய்தேன்.

கண்ணன் தம்பி: ஆடி மாதம் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே. கடை பத்து நாள் பூட்டியிருந்தது. கூகுளைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து காரில் வந்தவர்கள், கதவு சாத்தியிருக்கிறது என்று எனக்கு போன் செய்தார்கள், பக்கத்தில் என் நம்பர்தானே இருக்கிறது. யாரும் ஏமாந்து போகக் கூடாது என்று உள்ளே போய் மூடியதாகப் போட்டேன். தற்காலிகமாக என்பதை அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். தவறி நிரந்தரமாக என்பதை அழுத்தியிருக்கிறேன். பெரியப்பா மன்னிக்கணும்.

அமுதா மதினி: பத்து நாளைக்கு மூன்று மாதம்

முத்து அண்ணன்: விடு அமுதா, நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

சித்தி: இப்போது தெரிந்ததா மதினி?

செல்வி அத்தை: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே

நான்: கண்ணா, சொன்னதே போதும். இப்போதே உள்ளே போய் 'மீண்டும் திறக்கப்பட்டது' என்று குறி. இரண்டு நிமிட வேலை.

கண்ணன் தம்பி: அதுதான் பிரச்சனை அக்கா. ஆவணியில் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. புது போனில் அந்த மெயிலைத் திறந்தால் பழைய நம்பருக்கு ஓடிபி கோடு அனுப்புகிறது. அந்த சிம் அப்பாவின் பட்டன் போனில் இருக்கிறது.

முத்து அண்ணன்: சித்தப்பாவிடமா

(ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

செவ்வாய், மாலை 6:40

நான்: கடையை மூடும் நேரத்துக்குள் அப்பாவும் படிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன், நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, சரக்கு சரியாக இருந்தால் ஆள் தேடி வரும் என்று சொல்வீர்கள். தாத்தா காலத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் போர்ட்டரிடம் கேட்பார், போர்ட்டர் நம் கடைக்குக் கை காட்டுவார். அந்தப் போர்ட்டருக்குத் தீபாவளிக்குத் தாத்தா வேட்டி எடுத்துக் கொடுத்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு நான்கு வழிச் சாலையில் கன்னியாகுமரி போகிற குடும்பம் காருக்குள் இருந்தபடியே போனைக் கேட்கிறது. போன் நம் கடையை மூடியாச்சு என்று சொன்னால், உள்ளே பாகு கொதிப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தேடும்போது கடைகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு கூகுள் மூன்று விஷயத்தைச் சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பைபாஸில் நின்று தேடினால் சித்தப்பா கடை முதலில் வருவது அதனால்தான், அதில் சூது எதுவும் இல்லை. பஜாருக்குள் நின்று தேடினால் நம் கடை முதலில் வரலாம். பொருத்தத்தை நாம் சரி செய்யலாம். நம் பக்கத்தில் கடை வகை என்ன இருக்கிறது தெரியுமா? மளிகைக் கடை! கடலை மிட்டாய் என்று தேடுகிறவருக்கு மளிகைக் கடையை எதற்காகக் காட்ட வேண்டும்? முதன்மை வகையை மிட்டாய்க் கடை என்று மாற்ற வேண்டும், கூடுதல் வகையில் இனிப்புக் கடையைச் சேர்க்கலாம்.

அமுதா மதினி: இது எனக்குத் தெரியாது.

முத்து அண்ணன்: நாம் 40 பேர் இருக்கிறோமே, ஆளுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் மேலே வந்துவிடாதா?

நான்: வேண்டாம் அண்ணா. சொந்தக் கடைக்கு வீட்டு ஆட்கள் ரிவ்யூ எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. ரிவ்யூ எழுதினால் ஒரு பாக்கெட் இலவசம் என்று போர்டு வைப்பதும் கூடாது. வாங்கிப் போகிறவர்களிடம் மனசாரக் கேட்கலாம். நம் கூகுள் பக்கத்திலிருந்தே கியூஆர் எடுத்துக் கல்லா மேல் ஒட்டலாம். வந்திருக்கிற ரிவ்யூவுக்கு நாம் பதில் எழுதியதே இல்லை. ஒரு அம்மா, 'அந்தக் கலர் தேங்காய்ப்பூவைப் பார்த்ததும் என் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது' என்று எழுதியிருக்கிறார். இரண்டு வருடமாக அதற்கு ஒரு நன்றிகூட இல்லை. அப்பா சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன்.

கடை அப்பா: (குரல் செய்தி 0:31)

நான்: முத்து அண்ணனுக்காக: 'அந்த அம்மா சாத்தூர்க்காரர். பள்ளிக்கூட வாசலில் தாத்தா தட்டு வைத்து விற்றபோது காலணாவுக்கு வாங்கியவர். ரிவ்யூ என்றால் இதுதானா? இதை ஏன் எனக்கு முன்பே காட்டவில்லை?' என்று கேட்கிறார்.

செல்வி அத்தை: எனக்கும் அனுப்பு

சித்தப்பா: போர்டில் இருக்கும் பெயரை மட்டும் போட்டால் போதுமா? கோவில்பட்டி ஒரிஜினல் நம்பர் ஒன் கடலை மிட்டாய் ஹோல்சேல் என்று பெயரோடு சேர்த்தால் எல்லாத் தேடலிலும் வரும் என்று ஒரு பையன் சொன்னான். எங்கள் கடைக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

முத்து அண்ணன்: சித்தப்பா வந்துவிட்டார்

நான்: சித்தப்பா, உங்கள் கடைக்கும் சேர்த்தே சொல்கிறேன், அதை எடுத்துவிடுங்கள். கடைப் போர்டில் என்ன பெயரோ அதுதான் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது புகார் செய்தால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். தீபாவளிக்கு 18 நாள் முன்னால் அப்படி நடந்தால் என்ன ஆகும்? விவரம் எழுத 750 எழுத்து இடம் தருகிறார்கள். கரிசல் நிலக்கடலை, மண்டை வெல்லம், 1960களில் தாத்தா தொடங்கியது என்பதை எல்லாம் அங்கே எழுதலாம்.

சித்தப்பா: புவிசார் குறியீடு?

நான்: இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அந்த முத்திரை கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. ஆனால் அதற்கென்று பதிவு செய்த உற்பத்தியாளர்கள்தான் அதைப் போடலாம். அப்பா பதிவு செய்திருக்கிறாரா?

கடை அப்பா: (குரல் செய்தி 0:09)

நான்: 'ஃபாரம் தம்பியிடம் இருந்தது' என்கிறார்.

சித்தப்பா: பீரோவில் பார்க்கிறேன்.

சித்தி: அந்த பீரோவில் உருளியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குமார் மாமா: போன வாரம் கடைக்கு ஒருவன் போன் செய்தானே, 12,000 கட்டாவிட்டால் கூகுளிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று. கட்டியாச்சா?

நான்: அப்பா!! கட்டவில்லைதானே?

கடை அப்பா: (குரல் செய்தி 0:05)

நான்: 'யோசிக்கிறேன் என்று சொன்னேன்.' கட்டவே கட்டாதீர்கள் அப்பா. பக்கம் வைத்திருக்கக் காசு கிடையாது. வரிசையில் மேலே வர கூகுளுக்குக் காசு கட்டவும் வழி இல்லை. விளம்பரம் தனி, அதற்கு விளம்பரம் என்றே குறி போட்டுத்தான் காட்டுவார்கள். மறுபடி அழைத்தால் என் நம்பரைக் கொடுங்கள். கோடு ஏதாவது வந்திருக்கிறது, சொல்லுங்கள் என்றால் சொல்லாதீர்கள்.

அமுதா மதினி: வெப்சைட் வேண்டாமா? என் தோழி கடைக்கு கூகுளே ஒன்று கொடுத்தது.

நான்: அந்த வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள் மதினி. பிறகு பார்க்கலாம். முதலில் கடை திறந்திருக்கிறது என்று வரட்டும்.

செவ்வாய், இரவு 9:10

நான்: கண்ணா, கோடு வராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. உரிமை கேட்டு நான் விண்ணப்பிக்கலாம். பக்கத்தின் உரிமையாளர் பதில் சொல்ல 3 நாள் கொடுப்பார்கள். பதில் இல்லாவிட்டால் நானே உரிமை கோர வாய்ப்பு வரலாம், அப்போது வீடியோ கேட்பார்கள். தெரு, போர்டு, பூட்டைத் திறப்பது, உள்ளே அடுப்பு என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். சரவணனால் முடியுமா தெரியவில்லை. நீ உள்ளே போய் என் மெயிலைச் சேர்த்துவிட்டால் இது எதுவும் வேண்டாம்.

கண்ணன் தம்பி: இப்போது அனுப்புகிறேன் அக்கா. அப்பா, சிம்முக்கு ஆறு எண் வரும்.

சித்தப்பா: கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. இரு.

கண்ணன் தம்பி: அப்பா, குரூப்பில் போடாதீர்கள். எனக்கு போன் செய்து சொல்லுங்கள்.

முத்து அண்ணன்: என்ன ஆச்சு

கண்ணன் தம்பி: உள்ளே போய்விட்டேன். 'திறந்திருக்கிறது' என்று போட்டாச்சு. உங்கள் மெயிலுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டேன்.

நான்: வந்துவிட்டது தம்பி, ஏற்றுக்கொண்டேன். மாற்றத்தைச் சரிபார்க்கச் சிறிது நேரம் ஆகலாம், சில சமயம் நாள் ஆகும். போன் நம்பரை மாற்றி அப்பா நம்பர் போடுகிறேன். கடை நம்பர் தேடித் தரும் ஜஸ்ட்டயலிலும் பழைய நம்பர்தான் இருக்கிறது, அங்கேயும் மாற்ற வேண்டும். தீபாவளி வாரத்துக்குச் சிறப்பு நேரம் போட வேண்டும், அப்பா எத்தனை மணி வரை திறப்பீர்கள்? நாளைக் காலை தட்டில் ஊற்றியதும் சரவணனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும். இப்போது இருக்கிற படத்தில் தராசு மட்டும்தான் தெரிகிறது.

சித்தப்பா: எங்கள் கடைப் பெயரையும் மாற்ற வேண்டும் என்றாயே. அதற்கும் மெயில் வேண்டுமா?

நான்: ஆமாம் சித்தப்பா. உங்கள் பக்கம் யார் செய்தது?

சித்தப்பா: அந்தப் பையன். ஊரை விட்டுப் போய்விட்டான்.

முத்து அண்ணன்: அடுத்தது

செல்வி அத்தை: உருளி

சித்தப்பா: பீரோவில் இல்லை. அண்ணனிடம் கேளுங்கள்.

கடை அப்பா: (குரல் செய்தி 0:14)

சித்தி: என்ன சொல்கிறார்? கண்ணன் அப்பா சிரிக்கிறாரே.

நான்: 'உருளி இங்கேதான் இருக்கிறது, எள்ளு மிட்டாய்க்குப் பாகு வைக்கிறேன். நாளைக்கு அவனையே வந்து எடுத்துப் போகச் சொல்.' அவ்வளவுதான் சொன்னார்.

செல்வி அத்தை: போவானா

குமார் மாமா: வேனில் இன்னும் 5 இடம் காலி. யார் யார் என்று சொல்லவே இல்லை.

அமுதா மதினி: கடை மாமா, அந்த அக்காவிடம் மறுபடி கேட்டேன். 40 கிலோ போனது போனதுதான். மறுவீட்டுக்கு 10 கிலோ எடுத்துக்கொள்கிறார்களாம், ஆனால் கூகுளில் திறந்திருக்கிறது என்று வந்த பிறகுதான் முன்பணம் தருவார்களாம்.

நான்: இப்போதுதான் பார்த்தேன் மதினி. இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்கிறேன்.