வேலை செய்யும் டெஸ்க்டாப்பில் ஆர்சி கர்னல் போடலாமா?

கல்யாணப் பத்திரிகை:
வணக்கம். வீட்டில் உட்கார்ந்து டிடிபி வேலை பார்க்கிறேன். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டதால் போன வாரம் புது மதர்போர்டு, புது பிராசசர் வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். உபுண்டு 24.04 லினக்ஸ், அதன் மையப் பகுதியான கர்னல் 6.8. எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. மொபைலை யூஎஸ்பியில் செருகி நெட் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "புது ஹார்டுவேரா, ஆர்சி கர்னல் போடு, சரியாகிவிடும்" என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆர்சி என்றால் கர்னலின் இறுதி வெளியீட்டுக்கு முன் வரும் சோதனைப் பதிப்பாம். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, கையில் 11 ஆர்டர் நிற்கிறது. போடலாமா?

ரீபூட் ராஜா:
தாராளமாகப் போடுங்க. உபுண்டுக்காரர்களே மெயின்லைன் கர்னலை, அதாவது மூலக் கர்னலை, இன்ஸ்டால் செய்யும் டெப் பேக்கேஜாகக் கட்டித் தனியாக வைத்திருக்கிறார்கள். ஹெடர் ரெண்டு, இமேஜ் ஒன்று, மாட்யூல் ஒன்று, மொத்தம் நாலு ஃபைல். பழைய 6.8 எங்கேயும் போகாது, பக்கத்திலேயே இருக்கும். புதுசு சரிப்படவில்லையா, கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழையதை எடுத்துக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை.

செக்யூர் பூட்டை மட்டும் பயாஸில் அணைத்துவிடுங்க. அந்தக் கர்னலுக்கு டிஜிட்டல் கையெழுத்து கிடையாது, "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று வாசலிலேயே நிறுத்திவிடும். கர்னலை உருவாக்கிய லினஸ் ஞாயிற்றுக்கிழமை ஆர்சி விடுவார், நமக்கு அது பெரும்பாலும் திங்கள் விடியற்காலை. ஆறு வருஷமாக என் திங்கள்கிழமை காப்பி அதோடுதான்.

பழைய பெட்டி:
தம்பி, இந்த "கிரப்பில் பழையதை எடுத்துக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பூட் ஆகாத கர்னல் நல்ல கர்னலப்பா. ஒன்றையும் தொடாமல் நின்றுவிடும். பயப்பட வேண்டியது நன்றாகப் பூட் ஆகிற கர்னலுக்கு.

2021 பிப்ரவரி கடைசியில் 5.12-ஆர்சி1 வந்தது. பூட் ஆனது, டெஸ்க்டாப் வந்தது, பாட்டு ஓடியது. ஸ்வாப் ஃபைல் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் ஃபைல்) வைத்திருந்தவர்களுக்கு மட்டும், அந்த ஃபைலுக்குள் எழுத வேண்டியதை டிஸ்க்கில் வேறு இடத்தில், ஃபைல் சிஸ்டத்தின் மேலேயே எழுதியது. தனி ஸ்வாப் பார்ட்டிஷன் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். லினஸ் அந்த வெளியீட்டின் பெயரிலேயே "டோன்ட்யூஸ்" என்று ஒட்டி, ஞாயிறு வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே ஆர்சி2 விட்டார். உபுண்டு 17.04லிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்தால் வருவது ஸ்வாப் ஃபைல்தான். பத்திரிகைக்காரரே, உங்களிடம் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். ஃபைல் சிஸ்டம் போன பிறகு கிரப்பில் எதை எடுப்பீர்கள்?

ரீபூட் ராஜா:
அண்ணே, அது ஆர்சி1. ரெண்டு வாரம் அடித்துப் பிடித்து எல்லார் கோடையும் உள்ளே சேர்த்த சூட்டில் வருவது. அதை யாரும் மெயின் கம்ப்யூட்டரில் போடச் சொல்லவில்லை. அப்புறம் வாரம் ஒன்றாக ஆர்சி7 வரை, சில தடவை ஆர்சி8 வரை, வெறும் பிழைதிருத்தம்தான். ஆர்சி5, ஆர்சி6 எல்லாம் கிட்டத்தட்ட வெந்த சோறு.

முறையாக வெளிவந்த ஸ்டேபிள் கர்னல் மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 டிசம்பரில் 6.1.64ல் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் டேட்டாவைக் கெடுக்கும் பிழை வந்ததே, மறந்துவிட்டதா? நிதானத்துக்குப் பேர்போன டெபியன் லினக்ஸின் 12.3ஐயே விடாமல் நிறுத்தி நேராக 12.4க்குப் போனார்கள். டெபியன் அண்ணே, டெபியன்!

பழைய பெட்டி:
மறக்கவில்லை. அவர்கள் நிறுத்தினார்கள் பார், அதற்குத்தான் டெபியன், உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோ என்று ஒன்று இருக்கிறது. உனக்கும் கர்னலுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். ஆர்சி போட்டால் அந்த ஆள் நீதான்.

ஆர்சி1 மட்டும்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. 2008ல் 2.6.27 ஆர்சி ஓடிய சமயம், இன்டெல் லேன் கார்டுகளின் ஈ1000ஈ டிரைவர் விவகாரம். கார்டுக்குள் இருக்கும் நினைவகமே அழிந்துபோனது. முதலில் எல்லாரும் லேன் டிரைவரைத் திட்டினார்கள், கடைசியில் பார்த்தால் குற்றவாளி கர்னலின் உள்நடப்பைக் கண்காணிக்கும் எஃப்ட்ரேஸ். சம்பந்தமே இல்லாத மூலையிலிருந்து வந்த எழுத்து. பழைய கர்னலில் பூட் செய்தாலும் அழிந்தது அழிந்ததுதான்.

ரீபூட் ராஜா:
2008க்குப் போய்விட்டீர்கள். அடுத்து ஃப்ளாப்பி கதையா?

பழைய பெட்டி:
ஃப்ளாப்பிக்கு ஆர்சி போட்டு நான் அழுத கதை தனியாக இருக்கிறது, இன்னொரு நாள் சொல்கிறேன்.

கீபோர்ட் அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கேட்டவர் வைஃபைக்காக வந்திருக்கிறார், அந்த கார்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி, டெர்மினலில், கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) ஓட்டி, அதில் "ஃபர்ம்வேர்" என்று வரும் வரிகளை மட்டும் போடுங்க.

கல்யாணப் பத்திரிகை:
அக்கா, ஒரே மாதிரி ஏழெட்டு வரி இருக்கிறது. கார்டு பெயர், ஒரு ஃபைல் பெயர், கடைசியில் "ஃபெயில்டு வித் எரர் -2". ஃபைல் பெயரில் இருக்கும் எண் மட்டும் ஒவ்வொரு வரியிலும் ஒன்று ஒன்றாகக் குறைகிறது.

கீபோர்ட் அக்கா:
அவ்வளவுதான். -2 என்றால் "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று அர்த்தம். டிரைவர் உங்கள் 6.8லேயே இருக்கிறது, கார்டையும் அடையாளம் கண்டுவிட்டது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளைத்தான் எண் எண்ணாகத் தேடிவிட்டுக் கையை விரித்திருக்கிறது. ஆர்சி போட்டிருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும், கர்னல் பேக்கேஜில் ஃபர்ம்வேர் வராது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பிலிருந்து அந்த ஒரு ஃபைலை எடுத்து லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டு ரீபூட் பண்ணுங்க.

கல்யாணப் பத்திரிகை:
வந்துவிட்டது! ஒரே ஒரு ஃபைல், அதற்கு நாலு நாள் மொபைல் டேட்டாவைத் தின்றேன். நன்றி அக்கா.

பழைய பெட்டி:
ராஜா, காப்பி ஆறுகிறது.

ரீபூட் ராஜா:
அடையாளம் சரியாகக் கண்டுபிடித்தது அக்கா, நீங்கள் இல்லை அண்ணே. நானும் டிமெசேஜ் கேட்டிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் உங்களை மாதிரி ஒதுங்கி நின்றால், அந்த 5.12 ஸ்வாப் பிழையை யார் பிடித்திருப்பார்கள்? ஆர்சி1லேயே சிக்கியதால்தான் உங்கள் ஸ்டேபிளுக்கு அது வரவில்லை.

பழைய பெட்டி:
அதில் மறுப்பு இல்லை. பிடித்தவன் பிடித்ததை எழுதிப் போட்டான். நீ ஆறு வருஷத்தில் எத்தனை ரிப்போர்ட் போட்டிருக்கிறாய்?

ரீபூட் ராஜா:
...ரெண்டு. ஒன்று டூப்ளிகேட் என்று மூடிவிட்டார்கள்.

கல்யாணப் பத்திரிகை:
மன்னிக்கணும், திரும்பவும் நான்தான். நேற்று சஸ்பெண்ட் போட்டு எழுப்பினால் வைஃபை காணோம், ரீபூட் செய்தால்தான் வருகிறது. ஃபர்ம்வேர் வரிகள் சுத்தமாக இருக்கின்றன.

கீபோர்ட் அக்கா:
இது வேண்டுமானால் கர்னல் சமாச்சாரமாக இருக்கலாம். இப்போது ராஜா சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

பழைய பெட்டி:
சோதிக்கட்டும், ஆர்டர் இருக்கும் டிஸ்க்கில் வேண்டாம். பழைய கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி இருக்கிறதா? அதில் உபுண்டுவை இன்ஸ்டால் செய்து, அதன்மேல் ஆர்சி போடுங்க. "மெயின் டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் விட்டால் போதும்" என்று இவன் சொல்வான், கேட்காதீர்கள். மெயின் டிஸ்க்கைக் கழற்றியே வைத்துவிடுங்கள். சிஸ்டத்தை ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நினைக்கவும் வேண்டாம். அதே டிஸ்க்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கோடு சேர்ந்து போகும்.

ரீபூட் ராஜா:
கழற்றுவது கொஞ்சம் ஓவர். ஆனால் தவறில்லை. அந்த ஃபர்ம்வேர் ஃபைலைப் புது இன்ஸ்டாலிலும் போட மறக்காதீங்க. என்விடியா கார்டு இருந்தால் அதன் டிரைவர் ஆர்சியில் கம்பைல் ஆகாமல் போகலாம், திரை மங்கலாக வந்தால் பதறாதீங்க.

கல்யாணப் பத்திரிகை:
ஹீட்சிங்க்கைத் தூக்கி, ஒரே ஸ்க்ரூ, எம்.2 டிஸ்க் இப்போது மேஜை டிராயரில் மாதிரிப் பத்திரிகைகளுக்கு நடுவே இருக்கிறது. பழைய 128 ஜிபி எஸ்எஸ்டியில் முதலில் 6.8லேயே சஸ்பெண்ட் போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் வைஃபை வரவில்லை. பிறகு ஆர்சி4. ஆறு முறை தூங்க வைத்தேன். ஐந்து முறை எழுந்ததும் வந்தது, ஆறாவது முறை இல்லை.

ரீபூட் ராஜா:
ஆறுக்கு ஐந்து! சொன்னேனா இல்லையா?

கீபோர்ட் அக்கா:
அந்த ஆறாவதுதான் எனக்கு வேண்டும். ரீபூட் செய்துவிடாதீங்க, இப்போதே டிமெசேஜை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்க. 6.8ல் வந்ததையும் சேர்த்துக்கோங்க, ரிப்போர்ட்டை நான் எழுதித் தருகிறேன்.

கல்யாணப் பத்திரிகை:
ஐயோ, ரீபூட் செய்துவிட்டேனே அக்கா. ராத்திரி ரெண்டு பத்திரிகையை முடித்துவிட்டுத் திரும்பவும் தூங்க வைத்துப் பார்க்கிறேன்.