டூ பிளஸ் ஒன் படிப்பு: ஒப்பந்தத் தேதியைக் கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிப்புட் அம்மா:

எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடிவு வந்ததிலிருந்து எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்தக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்ற பேச்சுதான், அதனால் எங்களுக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் வணிகப் படிப்பில் இடம் கிடைத்தது. இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் ஆஸ்திரேலியாவில், பட்டம் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில். என் கணவர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். ஈபிஎஃப்பில் (தொழிலாளர் சேமநிதியில்) படிப்புக்காக எடுக்கக்கூடிய பணத்தை எடுத்து, மீதிக்குப் பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன்) போடலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

பதிவு செய்யப் போன அன்று கையில் ஒரு பிரௌஷர் கொடுத்தார்கள். கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் என்று கோட் போட்ட இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள், பின்னால் இரண்டு நாட்டுக் கொடி. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வருடம் போட்டிருந்தது. பார்த்தால் ஆறு வருடத்துக்கு முந்தைய படம். "இந்த ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? எப்போது முடிகிறது?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "அதெல்லாம் தானா ரினியூ ஆயிடும் அக்கா, கவலைப்படாதீங்க" என்றது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். எழுத்தில் கொடுங்கள் என்றேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், பதில் வரவே இல்லை.

மகள் அந்த ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக அலுவலகத்துக்கு நேராகவே மின்னஞ்சல் போட்டாள். ஒரு வாரத்துக்குள் மரியாதையாகப் பதில் வந்தது. பழைய ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, புதியது பேச்சில் இருக்கிறது, முன்பே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போதைக்கு எந்த உறுதியும் கொடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். பணம் கட்டாமல் வந்துவிட்டோம். ஆனால் அதே வாரம் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இன்னொரு குடும்பம் கட்டிவிட்டது, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

லிந்தாங் தம்பி:

அக்கா, நான் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது ஏன் சரியான கேள்வி என்று புரியும்.

முதலில் எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) என்று ஒன்று போடுவார்கள். நாம் சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்ற அளவில்தான் அது, பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டாது. மாணவர் மாற்றம், கட்டணம், பட்டம் யார் கொடுப்பது என்பதெல்லாம் எம்ஓஏ (உடன்படிக்கைப் பத்திரம்) மாதிரி அடுத்த கட்ட ஒப்பந்தத்தில்தான் வரும். பிரௌஷர் படத்தில் கையெழுத்தாவது பல சமயம் முதல் காகிதம்தான். காலம் பெரும்பாலும் மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம். வரைவு ஃபேக்கல்டியிலிருந்து வரும், சட்ட ஆலோசகர் பார்ப்பார், பணம் சம்பந்தப்பட்டால் பெண்டஹாரி (நிதி) அலுவலகத்துக்கும் போகும், பிறகு மேலிடம்.

கையெழுத்தான பிறகுதான் தலைவலி. எங்களிடம் ஒரு எக்செல் பட்டியல் இருந்தது: நாடு, எந்த ஃபேக்கல்டி, தொடங்கிய நாள், முடியும் நாள், பொறுப்பாளர் பெயர். நான் போனபோது முடியும் நாள் என்ற கட்டத்தில் பல இடம் காலி. பொறுப்பாளர் என்று இருந்த விரிவுரையாளர்களில் சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவர் வேறு நாட்டுக்கே போய்விட்டார். சில ஃபேக்கல்டிகள் கையெழுத்துப் போட்டதையே எங்களுக்குச் சொல்லாது, செய்தித்தாளில் படம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஆண்டறிக்கையில் இத்தனை எம்ஓயூ என்று எண்ணிக்கை கேட்பார்கள். அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று நான் இருந்த காலத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பட்டியல் அப்படிக் கிடந்திருக்காது.

வெளிநாட்டில் சில இடத்தில் சட்டமே கேட்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பரிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மாநில அரசுகளும் பொதுப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு அரசோடு செய்யும் ஏற்பாடுகளை வெளியுறவு அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், பல்கலைக்கழகங்களுக்குக் கையெழுத்தானதிலிருந்து 14 நாள் தவணை. அரசின் பிடியில் இருக்கிற, சுயாட்சி இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு செய்வதும் இதில் அடங்கும். யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் இந்தச் சட்டத்தின் கீழ்தான் விக்டோரியா மாநிலத்தின் நான்கு ஒப்பந்தங்களை ரத்து செய்தார்கள், அதில் இரண்டு சீனாவின் பெல்ட் அண்ட் ரோடு திட்டம் சம்பந்தப்பட்டவை. ஆனால் நம் ஊர்த் தனியார் கல்லூரியோடு செய்த ஒப்பந்தத்தை அதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, அந்தச் சட்டத்தின் கவலை வேறு.

அமெரிக்காவில் 1986-இல் உயர்கல்விச் சட்டத்தில் 117-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே வெளிநாட்டு மூலத்திலிருந்து ஓர் ஆண்டில் 250,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடையாகவோ ஒப்பந்தமாகவோ வந்தால் ஜனவரி 31, ஜூலை 31 என்று இரண்டு தவணையில் அறிவிக்க வேண்டும். பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019-இல் கல்வித் துறை விசாரிக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை சொல்லாமல் விட்ட 6.5 பில்லியன் டாலர் வெளியே வந்தது என்று அடுத்த ஆண்டு அந்தத் துறையே அறிக்கை விட்டது. அத்தனை பெரிய யூனிகளே பட்டியலைச் சரியாக வைத்திருக்கவில்லை என்றால் நம் பக்கத்துக் கல்லூரியை நாம் கேட்பதில் என்ன தப்பு?

பழைய கிராணி:

எல்லாமே இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகள் மலாக்கா மணிப்பாலில் மருத்துவம் படித்தாள். 1997-இல் ஆரம்பித்த கூட்டுக் கல்லூரி அது, முதல் இரண்டரை வருடம் கர்நாடகாவில் மணிப்பாலில், பிறகு மலாக்கா வந்து மருத்துவமனைப் பயிற்சி. எங்கே எத்தனை வருடம், யார் பட்டம் கொடுப்பது என்பது சேரும்போதே தெளிவாக இருந்தது. செம்பனை எடை எழுதிய கையால் அவள் ஃபாரங்களை நிரப்பியது நான்தான், ஒவ்வொரு பக்கமும் படித்தேன். தம்பி, ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் கதி என்ன?

லிந்தாங் தம்பி:

ஐயா, அதுதான் முக்கியமான பக்கம், அதைத்தான் யாரும் காட்டுவதில்லை. பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் என்யூஎஸ்ஸும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும்) 2011-இல் ஒப்பந்தம் போட்டு ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்டில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு. மாணவர்களுக்குப் பேரிடி. ஆனால் சேர்ந்திருந்தவர்கள் அதே பட்டத்தோடு முடிக்கலாம் என்று இடம் விட்டிருந்தார்கள், கடைசி அணி 2025-இல் பட்டம் வாங்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் கத்தாரில் 2003-லிருந்து நடத்திய வளாகத்தை மூட 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது, அதையும் 2028-க்குள் என்று தவணை வைத்துத்தான். அவ்வளவு பெரிய பெயர்களே பிரிகிறார்கள். அதனால் முறிந்தால் சேர்ந்த மாணவர்களை யார் முடித்து அனுப்புவது என்ற விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிப்புட் அம்மா:

நன்றி தம்பி, இதைத்தான் அந்த இன்னொரு குடும்பத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் இப்போது கல்லூரிக்கு எழுதிக் கேட்கிறார்கள்: எந்தத் தேதி வரை, முறிந்தால் என்ன, கடைசி வருடம் போக முடியாவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள். மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும், கவுண்டரில் வாயால் கேட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது. அதோடு எம்க்யூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பு) இணையத்தளத்தில் எம்க்யூஆர் என்ற பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தட்டிப் பாருங்கள், அங்கீகாரம் உண்டா என்று தெரியும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கிடைக்காது. ஆனால் அங்கே பெயர் இருந்தாலும் வெளிநாட்டு ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், இரண்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

என் மகள் இப்போது வேறு இடத்தில், முழுக்க இங்கேயே முடிக்கிற படிப்பில் சேர்ந்துவிட்டாள். அவள் எழுதிய மின்னஞ்சலின் மாதிரியை நம் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். அடுத்த இன்டேக்குக்கு முன் அனுப்புங்கள், பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள்.