இறால் குளத்தில் பிஎச் 7.8, மாலையில் 8.8: ஒரே ஒரு எண்ணுக்கு இவ்வளவு அச்சமா?

கேள்வி (பரங்கிப்பேட்டை)

எங்கள் இறால் குளத்தில் விடியற்காலையில் பிஎச் 7.8 என்றும், மாலையில் 8.8 என்றும் கருவி காட்டுகிறது. ஒரு எண்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் நீற்றுச் சுண்ணாம்பு போடுவதை உடனே நிறுத்தச் சொல்லிப் பக்கத்துக் குளத்துக்காரர் எச்சரிக்கிறார். அவ்வளவு பெரிய வேறுபாடா இது? பதிவேட்டில் சராசரியாக 8.3 என்று எழுதிக்கொள்ளலாமா?

பதில் 1 (வேதியியல் ஆசிரியர், கடலூர்)

1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் வகுத்த இந்தப் பிஎச் அளவுகோல் அமில, கார நிலையைக் காட்டுவது; நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிச் செறிவை மடக்கையாக்கி, அதன் குறியை மாற்றிச் சொல்வது. ஆகவே ஒரு எண் ஏறினால் அச்செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது, 0.3 ஏறினாலே ஏறத்தாழப் பாதியாகிவிடும். பாடநூல்களில் 0 முதல் 14 வரை வண்ணக் கட்டங்களைச் சம அகலத்தில் வரைந்து காட்டுவதால்தான் மாணவர்களும் இதை அடிக்கோல் போல எண்ணிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சராசரியும் அப்படியே. இரண்டு செறிவுகளின் சராசரியைக் கண்டு மீண்டும் பிஎச் ஆக்கினால் சுமார் 8.06 வரும், 8.3 வராது. எப்படியானாலும் இறால் சராசரியில் வாழ்வதில்லை. காலை அளவையும் மாலை அளவையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.

பதில் 2 (பண்ணைத் தொழில்நுட்பர், சிதம்பரம்)

ஆசிரியர் கூறியதோடு அம்மோனியாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். தீவன மிச்சத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா, நச்சுத்தன்மை குறைந்த அம்மோனியம் அயனியாகவும், செவுள் வழியே எளிதில் புகும் நச்சு வாயுவாகவும் நீரில் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் நன்னீருக்குக் கணக்கிட்டால், பிஎச் 7.8இல் மொத்தத்தில் 3 முதல் 4 விழுக்காடும், 8.8இல் 26 விழுக்காடு அளவும் நச்சு வடிவில் இருக்கும். உவர்நீரில் இது சற்றுக் குறையும். வெப்பம் ஏறினால் கூடும். தீவனத்தை ஒரு பிடி கூட்டாமலே மாலையில் நஞ்சு பல மடங்காவது இப்படித்தான்.

ஏற்றத்துக்குக் காரணம் பாசி. பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறுகிறது. இரவில் குளத்து உயிர்கள் அனைத்தும் அவ்வாயுவை வெளிவிடுவதால் இறங்குகிறது. நீரில் பைகார்பனேட் போதுமான அளவு இருந்தால் இந்த ஊசலாட்டம் அடங்கும். நீற்றுச் சுண்ணாம்பு பிஎச்சை நேரடியாகவே உயர்த்தக்கூடியது என்பதால், பக்கத்துக் குளத்துக்காரர் சொன்னது சரியே. முதலில் காரத்தன்மையை, அதாவது நீரில் பைகார்பனேட் போன்றவை எவ்வளவு இருக்கின்றன என்பதை, அளந்து பாருங்கள். பாசி மிகுந்திருந்தால் நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

பதில் 3 (புதுச்சேரி)

கருவியை எந்தத் தாங்கல் கரைசல்களை (பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்களை) கொண்டு சரிபார்த்தீர்கள்? பலர் 4, 7 ஆகிய இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அளவுகள் 7க்கும் 10க்கும் இடையில் இருப்பதால், 7, 10 ஆகிய கரைசல்களில் சரிபார்த்த பிறகு மாலை அளவை மீண்டும் எடுங்கள்.