அவசரம்: சிகரெட் அட்டைகள் ஒட்டிக்கொண்டன, எப்படிப் பிரிப்பது?

காசிமேட்டுக்காரன்:
தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த சினிமா நட்சத்திர சிகரெட் அட்டைகள் (அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த சின்னப் பட அட்டைகள்) எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. பழைய சினிமா பாட்டுப் புத்தகங்களும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுவிடலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பார்க்க வருகிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்மண்டபம்:
எந்தக் கம்பெனி அட்டை? மழையில் நனைந்ததா, கடல் காற்றின் ஈரத்திலேயே ஒட்டியதா? இப்போது காய்ந்திருக்கிறதா? ஒரு படம் போடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக்கை அப்புறம் பிரித்தால் படமும் சேர்ந்து போய்விடும்.

ஃப்ரீசர் அண்ணாச்சி:
கவரில் காற்றுப் புகாமல் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். குளிரில் பசை இறுகி, அட்டைகள் தானே விலகும். ஸ்டாம்புகளை இப்படித்தான் பிரிக்கிறேன்.

மின்ட் தெரு:
வெந்நீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

மூர் மார்க்கெட் பழசு:
வெந்நீராம்! 1985-இல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே அட்டை பொறுக்கியவன் நான். இதையெல்லாம் அடிப்படை தெரியாமல் பேசக் கூடாது. தம்பி, அட்டையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது மருத்துவரிடம் வலிக்கிறது என்று மட்டும் சொல்வது போல.

காசிமேட்டுக்காரன்:
ஓரத்தில் இருந்த ஒன்றைப் பார்த்தேன். ஜான் பிளேயர். பின்பக்கம் பசை உள்ளது, ஆல்பம் ஒரு பென்னி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நனையவில்லை, காய்ந்துதான் இருக்கிறது.

மூர் மார்க்கெட் பழசு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 1930-களில் பிரிட்டனில் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகவே பின்பக்கம் கோந்து பூசி விட்டார்கள். 1940-இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அட்டை போடுவதே நின்றுபோனது. நம் ஊர் ஈரத்தில் அந்தக் கோந்து முன்னால் இருக்கும் அட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

கல்மண்டபம்:
அப்படியானால் ஈரப்பெட்டி. மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பிளாஸ்டிக் வலை, வலையின் மேல் அட்டைகள். தண்ணீர் அட்டையைத் தொடவே கூடாது. சில மணிநேரம் விட்டு அடிக்கடி பாருங்கள், ரொம்ப நேரம் விட்டால் பூஞ்சை வரும். மூலை இளகியதும் மெல்லிய பட்டர் பேப்பரை நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். இழுத்தால் கீழ் அட்டையின் முகம் மேல் அட்டையின் முதுகோடு வந்துவிடும். பிரிந்ததைக் கோந்துப் பக்கம் மேலே இருக்கும்படி காய விடுங்கள், வெயிலில் வேண்டாம்.

ஃப்ரீசர் அண்ணாச்சி:
ஃப்ரீசரில் வைத்தால் இவ்வளவு வேலையே இல்லை. என் ஸ்டாம்புகளில் ஒன்றுகூடக் கிழிந்ததில்லை.

கல்மண்டபம்:
ஸ்டாம்பு மெல்லிய தாள் அண்ணே, இது அட்டை. குளிரில் பாதி விலகி, பாதி பிய்ந்து வந்தால்?

வண்ணை வாசகி:
பாட்டுப் புத்தகங்களில் ஸ்டேபிள் பின் துரு ஏறியிருக்கும். அதை விட்டுவைத்தால் துரு தாளைத் தின்று நடுப்பக்கம் கழன்று வரும். பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோர்த்துக் கட்டுங்கள். பி.வி.சி. கவரில் மட்டும் போடாதீர்கள், மையைப் பிடித்து இழுக்கும். விலை என்ன போட்டிருக்கிறது?

காசிமேட்டுக்காரன்:
15 ந.பை., அதாவது நயா பைசா.

வண்ணை வாசகி:
அப்படியானால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் அணாக் கணக்குதான்.

மின்ட் தெரு:
அணா போட்ட புத்தகம் என்னிடமும் இருக்கிறது, ஆனால் படம் 1958.

மூர் மார்க்கெட் பழசு:
ஒரேயடியாக மாறிவிடவில்லை. கொஞ்ச காலம் இரண்டு கணக்கும் சேர்ந்தேதான் நடந்தது. ஆனால் ‘நயா’ என்ற சொல் 1964 ஜூனில் போய்விட்டது. ந.பை. இருந்தால் பெரும்பாலும் இந்த ஏழு வருடத்துக்குள்தான்.

மின்ட் தெரு:
புத்தகத்தின் பழைய மேலட்டையை அச்சடித்த பிளாக்கையே அடுத்த பதிப்புக்கும் போட்டிருந்தால்?

வண்ணை வாசகி:
போடலாம், ஆனால் விலையை மாற்றாமல் யாரும் விற்க மாட்டார்கள். அதில்தானே அவர்களுக்குக் காசு!

காசிமேட்டுக்காரன்:
ஈரப்பெட்டிதான் வேலை செய்தது. பாதிக்கு மேல் நன்றாக வந்துவிட்டன, ஒன்றில் மட்டும் முகம் பிய்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

வண்ணை வாசகி:
பின்னை எடுத்தீர்களா?