ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) தொடங்கிய பிறகு உடம்பு மோசமானதா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

திண்டிவனத்துக்காரர்:
எனக்கு முதலில் பிடிபட்டது காசநோய். கூடவே எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. சிடி4, அதாவது எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, ஐம்பதுக்கும் கீழே. காசநோய் மாத்திரையில் காய்ச்சல் விட்டது, சோறு இறங்கியது. பிறகு ஏ.ஆர்.டி. தொடங்கினார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடியும் காய்ச்சல். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டி, சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு" என்றார் அண்ணன். மையத்து டாக்டர் எதையும் நிறுத்தவில்லை. கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சியதைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதினார்; அளவையும் படிப்படியாகக் குறைத்தார். காய்ச்சல் சீக்கிரம் நின்றது. கட்டி வற்றத்தான் மாதக்கணக்கானது.

மதுரைப் பக்கத்து அக்கா:
எனக்கு வந்தது அக்கி. விலாவில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், தீப்பட்ட எரிச்சல். வீட்டில் என் நோய் யாருக்கும் தெரியாது. மாமியார் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய் முதுகில் காவியால் சிங்கம் எழுத வைத்தார். சிங்கம் அழகாகத்தான் இருந்தது, எரிச்சல் குறையவில்லை. மாத்திரை வாங்கப் போவதை மறைத்து மையத்துக்குப் போனேன், முதுகில் காவியோடு. நர்ஸ் அம்மா சிரிக்கவில்லை. அசைக்ளோவிர் கொடுத்தார்கள், ஆறியது. ஏ.ஆர்.டி. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர்:
திண்டிவனத்து அண்ணனுக்கு வந்ததை ஐரிஸ் என்போம். அக்காவின் அக்கியும் அந்த வகையாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி படுத்துக் கிடக்கும்போது உள்ளே கிருமி இருந்தாலும் உடம்பு பெரிதாகச் சண்டை போடாது. ஏ.ஆர்.டி. வைரஸை அடக்கியதும் அணுக்கள் எழுந்து, உயிருள்ள கிருமி, செத்த கிருமியின் மிச்சம் எல்லாவற்றின் மீதும் ஒரேயடியாகப் பாய்கின்றன. வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான். மிகக் குறைந்த சிடி4-இல் தொடங்குபவர்களுக்கே அதிகம் வரும். தென்னாப்பிரிக்காவில் காசநோயும் 100-க்கு மேற்படாத சிடி4-உம் இருந்த 240 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஏ.ஆர்.டி.யோடு நான்கு வாரம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது ஐரிஸ் 46.7 சதவீதத்திலிருந்து 32.5 சதவீதமாகக் குறைந்தது. அதற்காகக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கிவிடாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கழுத்துக் கட்டி பயமுறுத்தும், பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. எனக்குப் பயமெல்லாம் தலைக்குள் வரும் ஐரிஸைப் பற்றித்தான். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் இருந்தால் ஏ.ஆர்.டி.யை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிவைப்பதும் இதனால்தான். "சீக்கிரம் மாத்திரை கொடுங்கள்" என்று வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் என்றால் மாதாந்திரத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.